கல் பங்களாவுக்கு இருநூறு வயசு, கல்லூரிக்கு?

4 ஜூன் 2023 – வாசகர் கேள்வி

ஊட்டி அரசு கலைக் கல்லூரி 1822-ல் சல்லிவன் துரை தொடங்கியது, இருநூறு வருஷப் பழமை, தென்னிந்தியாவிலேயே பழைய கல்லூரி என்று ஒரு ரீல்ஸில் சொல்கிறார்கள். உண்மையா? நான் படிப்பது நீலகிரியிலேயே வேறொரு கல்லூரி. எங்கள் கல்லூரி வரலாற்றை ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பழைய காகிதம் எல்லாம் ஒரு அறையில் பூட்டிக் கிடக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

4 ஜூன், இரவு

சல்லிவன் கட்டியது வீடு. கல்லூரி இல்லை.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறி முதலில் தங்கியது கோத்தகிரிப் பக்கம். கன்னேரிமுக்கில் இருக்கிற பங்களா அந்தக் காலத்தது. ஊட்டியில் தொதவர் பழங்குடியினரிடம் நிலம் வாங்கி 1822-ல் கட்டத் தொடங்கியதுதான் ஸ்டோன் ஹவுஸ். ஊர்க்காரர்கள் வாயில் கல் பங்களா. ஊட்டியின் முதல் பங்களா அதுதான், அதில் சந்தேகமே இல்லை. பிறகு சென்னை மாகாண அரசு கோடைக்கு மலைக்கு வந்துபோன காலத்தில் தலைமைச் செயலக வேலை அந்த வளாகத்தில் நடந்தது. கல்லூரி வந்தது 1955-ல். கட்டடத்துக்கு இருநூறு வயசு, கல்லூரிக்கு அறுபத்தெட்டு.

எனக்கு ஆதங்கம் ரீல்ஸ் போட்ட பையன் மேல் இல்லை. அந்தக் கல்லூரியைப் பற்றி யார் எழுதினாலும் முக்கால் பங்கு சல்லிவன், கால் பங்கு கருங்கல், தேக்கு உத்தரம். 1955-க்குப் பிறகு அந்த வாசலில் ஏறி வந்த பிள்ளைகள் யார், எந்த ஹட்டியிலிருந்து (படுகர் ஊரை இங்கே அப்படித்தான் சொல்வோம்), எந்த எஸ்டேட்டிலிருந்து வந்தார்கள் என்று ஒரு பத்தி இருக்காது. வீட்டின் வரலாறு கல்லூரியின் வரலாற்றை மூடிவிட்டது. உங்கள் கல்லூரியில் பழைய பங்களா இல்லையென்றால் சந்தோஷப்படுங்கள் தம்பி, நேராகப் பிள்ளைகளிடம் போய்விடலாம்.

நான் ஒரு மலைக் கல்லூரி அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள். எந்தக் கல்லூரி என்று சொல்லப் போவதில்லை. எழுதப்போவதில் மனத்தாங்கலும் இருக்கிறது.

5 ஜூன்

எங்கே தொடங்குவது என்றால், சேர்க்கைப் பதிவேடு. முதல் ஆண்டு மலரின் முன்னுரையில் தொடங்காதீர்கள். முன்னுரையில் எல்லாக் கல்லூரியும் ஒரே மாதிரி இருக்கும்: அறியாமை இருள், அறிவொளி, முதல்வர் பெருந்தகை.

சேர்க்கைப் பதிவேடு மேஜை அகலத்துக்கு நீளமான புத்தகம். சிவப்பு ரெக்சின் முதுகு, இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே வரி. பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், தாய்மொழி, தந்தை பெயர், தொழில், ஆண்டு வருமானம், முன்பு படித்த பள்ளி, சேர்ந்த வகுப்பு, விலகிய தேதி, மாற்றுச் சான்றிதழ் எண். அப்புறம் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். பெரும்பாலும் காலியாக இருக்கும். காலியாக இல்லாத இடத்தில் நின்று படியுங்கள்.

தொழில் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே விரலை வைத்துக்கொண்டு போனாலே மாவட்டத்தின் பொருளாதாரம் தெரியும். விவசாயம், விவசாயம், அரவங்காடு கார்டைட் பேக்டரி, எஸ்டேட் தொழிலாளி, ரயில்வே, கேத்தி ஊசிக் கம்பெனி. பிறகு ஒரு கட்டத்தில் எச்.பி.எப். வரத் தொடங்குகிறது. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967-ல் உற்பத்தியைத் தொடங்கியது. அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்களின் பிள்ளைகள் பதினேழு வயதாகிக் கல்லூரிக்கு வரும்போது பதிவேடு அதைச் சொல்லும். கம்பெனி மூடிப் போனாலும் அந்த மூன்று எழுத்து பக்கம் பக்கமாக அப்படியே இருக்கிறது.

அடுத்து பிறந்த ஊர் கட்டம். எங்கள் பதிவேட்டில் எழுபதுகளின் கடைசியிலிருந்து கண்டி, ஹட்டன், பதுளை, நுவரெலியா என்று இலங்கை ஊர்கள் வருகின்றன. 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் தாயகம் திரும்பியவர்களின் பிள்ளைகள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டம் போட்டார்கள், இன்றைய டான்டீ அதிலிருந்து வந்தது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து புறப்பட்டு முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து படித்த பிள்ளைகள் அவர்கள். பள்ளிக் கட்டத்தில் சிலருக்கு இரண்டு பெயர் இருக்கும், ஒன்று அங்கே, ஒன்று இங்கே. ஒரு பெண்ணின் வரியில் குறிப்புக் கட்டத்தில், 'சான்றிதழ் வழியில் தொலைந்தது, தாயின் வாக்குமூலம் பெறப்பட்டது' என்று எழுதி முதல்வர் சுருக்கொப்பம் போட்டிருக்கிறார். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த ஒரு எழுத்தரின் கையெழுத்து. அந்த ஒரு வரியை எழுதாமல் அவளைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை.

கல்லூரியின் வரலாறு என்று நான் சொல்வது இதை.

5 ஜூன், கொஞ்சம் கழித்து

1978-க்கு முன்னால் உள்ள பக்கங்களில் பி.யூ.சி. சேர்க்கை கட்டுக்கட்டாக இருக்கும். பிளஸ் டூ வந்தபோது புகுமுக வகுப்பு போய்விட்டது. அந்த வருஷம் எண்ணிக்கை குறைந்திருப்பதைப் பார்த்து, 'கல்லூரி நலிந்தது' என்று எழுதிவிடாதீர்கள்.

10 ஜூன்

கூடலூர் நண்பர் ஒருவர், 'கல்லூரி நாள், விடுதி, போராட்டம், இதெல்லாம் கோப்பில் இருக்காதா?' என்று கேட்டிருக்கிறார். இருந்தது. இப்போது இருக்காது.

அரசு அலுவலகத்தில் ஒரு தாள் வந்தால் நடப்புக் கணக்கு எண் விழும். நீங்கள் கடிதங்களில் பார்க்கிற ந.க. அதுதான். வேலை முடிந்ததும் கோப்பை எத்தனை காலம் வைப்பது என்று முடிவு பண்ண வேண்டும். ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. என்றால் மூன்றாண்டு, ப.மு. என்றால் பத்தாண்டு. மற்றவை நிரந்தரம். நிலம், பணி நியமனம், ஓய்வூதியம் போன்றவை கடைசி வரை தங்கும். விளையாட்டு விழா, விடுதி உணவு, மாணவர் மனு, விழாவுக்கு மைக் செட் வாடகை, இதெல்லாம் ஓ.மு. ஒரு வருஷம் கழித்துக் கிழிக்கலாம். விதிப்படி சரி. நானே எத்தனையோ கோப்பின் மேல் ஓ.மு. போட்டிருக்கிறேன். ஆனால் ஒரு கல்லூரியின் மரபு முழுக்க முழுக்க ஓ.மு. கோப்பில்தான் வாழ்கிறது. நிரந்தரக் கோப்பில் இருப்பது சுவரும் சம்பளமும்.

தப்பித்த ஒன்றைச் சொல்கிறேன். விடுதிப் பிள்ளைகள் வெந்நீர் கேட்டுக் கொடுத்த மனு. டிசம்பர் மாத உறைபனியில் குழாயில் தண்ணீர் கட்டிவிடுகிறது, காலையில் முகம் கழுவக்கூட வழியில்லை என்று கோட்டுத்தாளில் பச்சை மையில் எழுதி, கீழே விடுதி மொத்தமும் கையெழுத்து. அதன் மேல் காப்பாளர் குறிப்பு: விறகு ஒதுக்கீடு போதாது. அதன் மேல் முதல்வர் குறிப்பு: ஞாயிறு மட்டும் அனுமதிக்கலாம். இன்றைக்கும் அந்த விடுதியில் ஞாயிற்றுக்கிழமையைத் 'தண்ணி நாள்' என்பார்கள். ஹீட்டர் வந்து எவ்வளவோ காலமாகியும் பேர் போகவில்லை. பிள்ளைகளுக்கு அது ஏன் என்று தெரியாது. ஒரு நிரந்தரக் கோப்புக் கட்டுக்குள் தவறி நுழைந்திருந்ததால் அந்தத் தாள் பிழைத்தது.

புதுக் கட்டடத்துக்கு மாறின சமயத்தில் மீதி நிறையப் போனது. ஆண்டு மலர்களின் உபரிப் பிரதிகள், அழைப்பிதழ் கட்டுகள், நாடகப் பிரதிகள், எல்லாம் பழைய பேப்பர் எடைக்கு. அறை வேண்டும் என்றார்கள். நான் அப்போது சொல்கிற இடத்தில் இல்லை.

11 ஜூன்

'எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனால் எல்லாம் கிடைக்கும்' என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். எல்லாம் கிடைக்காது. கல்லூரி தொடங்கிய அரசாணை, நிலம், பதவி உருவாக்கம் மாதிரி செயலகத்தில் முடிவானவற்றுக்கு அங்கே தேடலாம், தேட வேண்டும். வருகைப் பதிவேடு அங்கே போகவே போகாது. அது கல்லூரியில் இல்லையென்றால் உலகத்தில் எங்கும் இல்லை.

17 ஜூன்

வருகைப் பதிவேட்டில் என்ன இருக்கப்போகிறது என்று கேட்டவருக்கு.

விடுபட்ட நாட்கள் இருக்கின்றன. 1965 ஜனவரி கடைசியில் வரிசையாகப் புள்ளியும், வராதவர்களுக்கு ஏ-வும், அப்புறம் ஒன்றுமே இல்லாமல் கட்டங்கள் மட்டும். இந்தி எதிர்ப்புப் போராட்டம். கல்லூரிகளை மூடிவிட்டார்கள். அந்தக் காலி வாரங்களுக்குக் குறுக்கே ஒரு ஆசிரியர் பென்சிலில் கோடு போட்டிருக்கிறார், ஒன்றும் எழுதவில்லை. இன்னொரு துறைப் பதிவேட்டில் அதே நாட்களுக்கு எதிரே சிவப்பு மையில் 'கல்லூரி இல்லை'. அந்த ஆசிரியர் தமிழ்த் துறை என்பது சொல்லாமலே தெரியும், வேறெந்தத் துறையும் அப்போது தமிழில் பதியவில்லை.

1978, 1979 நவம்பர். வடகிழக்குப் பருவமழையில் மலை முழுக்க மண் சரிந்த வருஷங்கள். பதிவேட்டில் குன்னூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே நாளில் தொடங்கி ஏ விழுகிறது. ஊட்டி டவுன் பிள்ளைகளுக்கு வருகை இருக்கிறது. ரோடு எங்கே அறுந்தது என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். அதன் பின் ஒவ்வொருவராகத் திரும்பி வருகிறார்கள். ஒரு பையன் வரவில்லை. அவனுடைய வரி ஜனவரியில் சிவப்புக் கோட்டோடு நிற்கிறது. படிப்பை நிறுத்தினானா, ஊர் மாறினானா என்று மாற்றுச் சான்றிதழ் அடிக்கட்டையைப் புரட்டிப் பார்த்தேன். மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்லூரிக்கு மாற்றல் கேட்டு வாங்கியிருக்கிறான். கீழே போய்விட்டது குடும்பம். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கியது.

ஆகவே தம்பி, ஒரு பதிவேட்டை மட்டும் படிக்காதீர்கள். சேர்க்கை, வருகை, மாற்றுச் சான்றிதழ் அடிக்கட்டை, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

18 ஜூன்

பழனி மலைக்காரர் ஒருவர் செண்பகனூர் ஆவணக் காப்பகத்தைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தேன். சரியான இடத்தைப் பிடித்திருக்கிறார். கொடைக்கானலுக்குக் கொஞ்சம் முன்னால் செண்பகனூரில் சேசு சபையின் (ஜெசூட் பாதிரிமார்) திரு இருதயக் கல்லூரி, 1895-லிருந்து இருக்கிறது. மதுரை மறைப்பணியின் ஆவணக் காப்பகம் அங்கேதான். ஆராய்ச்சிக்காரர்கள் தேடிப் போகிற இடம். அங்கிருந்த பாதிரிமார் பழனி மலையில் பழங்கால ஈமச் சின்னங்களான கற்திட்டைகளைக்கூட விடாமல் அளந்து எழுதி, 1928-ல் தொல்லியல் துறை அதை வெளியிட்டது.

அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியவில்லை என்று அவர் கேட்கிறார். பணம், வெளிநாட்டுத் தொடர்பு என்றெல்லாம் பதில் வந்திருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சேசு சபை வீடு ஒவ்வொன்றிலும் அந்த வீட்டின் நாட்குறிப்பை எழுதியாக வேண்டும், மேலிடத்துக்கு வருடாந்தரக் கடிதம் போக வேண்டும். பிடித்தால் எழுது என்பதில்லை, கடமை. யார் வந்தார்கள், யார் போனார்கள், யார் நோயில் படுத்தார்கள், எல்லாம் எழுத்தில் விழுந்துவிடும். நம் கல்லூரிகளில் துறைத்தலைவர் மாறும்போது பீரோ சாவி கைமாறுகிறது, பீரோவுக்குள் என்ன இருக்கிறது என்ற பட்டியல் கைமாறுவதில்லை.

அதே கொடைக்கானலில் சூரிய ஆய்வகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1899-ல் தொடங்கினார்கள். 1904-லிருந்து மேகம் விட்ட நாளெல்லாம் சூரியனைக் கண்ணாடித் தட்டில் படம் எடுத்து வைத்தார்கள். அங்கே வேலை பார்த்த எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதை 1909-ல் கண்டுபிடித்தது உலகப் புகழ். ஆனால் இன்றைக்கு உலகம் அந்த ஆய்வகத்திடம் கேட்பது, புகழ் இல்லாத சாதாரண நாட்களின் தட்டுகளை. நூறு வருஷத்து வரிசை வேறெங்கும் லேசில் கிடைக்காது. அவற்றை ஸ்கேன் பண்ணிப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். அங்கே சூரியன், நமக்கு வருகைப் பதிவேடு. தினமும் எழுதியதற்குத்தான் மதிப்பு.

24 ஜூன்

படுக நடனச் சண்டை இங்கேயும் வந்துவிட்டது. 'எங்கள் கல்லூரியில் முதல் வருஷத்திலிருந்தே கல்லூரி நாள் படுக ஆட்டத்தில்தான் முடியும்' என்று ஒருவர், 'அதெல்லாம் சமீபத்தில் வந்தது' என்று இன்னொருவர். இரண்டு பேரும் நினைவை வைத்துப் பேசுகிறீர்கள்.

எங்கள் கல்லூரிக்கு நான் பார்த்ததைச் சொல்கிறேன், உங்களுடையது வேறாக இருக்கலாம். எடைக்குப் போகாமல் மிஞ்சிய அழைப்பிதழ்களை வருஷவாரியாக அடுக்கினேன். ஆரம்ப காலத்தில் நிகழ்ச்சி நிரல்: கடவுள் வாழ்த்து, ஆண்டறிக்கை, பரிசளிப்பு, ஓரங்க நாடகம், வாய்ப்பாட்டு, நாட்டுப்பண். ஆட்டம் என்ற பேச்சே இல்லை. எழுபதுகளில் 'குழு நடனம்' என்று ஒரு வரி. எண்பதுகளில்தான் 'படுக நடனம்' என்று பெயரோடு வருகிறது, அதுவும் நடுவில். கடைசி நிகழ்ச்சியாக நகர்ந்தது அதற்கும் பிறகு.

இதை வைத்து 'சமீபத்தில் வந்தது' என்ற கட்சி ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் படித்த ஒரு அம்மாவிடம் அழைப்பிதழைக் காட்டினேன். சிரித்துவிட்டு, 'விழா முடிந்து விருந்தினர் காரில் ஏறினதும் மைதானத்தில் நாங்கள் வட்டம் கட்டி ஆடுவோம், அதை யார் அச்சடிப்பார்கள்?' என்றார். மேடைக்குக் கீழே ஆடியது கொஞ்சம் கொஞ்சமாக மேடை ஏறியிருக்கிறது. எத்தனை ஹட்டிப் பிள்ளைகள் சேர்ந்தார்கள் என்று சேர்க்கைப் பதிவேட்டின் தாய்மொழிக் கட்டத்தைப் பாருங்கள், எண்ணிக்கை ஏற ஏற அழைப்பிதழில் அந்த வரியும் நகர்கிறது. காகிதம் சொல்லாததை ஆள் சொன்னார், ஆள் சொன்னதற்குக் காகிதம் காலம் காட்டியது. எனக்கு இந்த வேலையில் இதைவிடப் பிடித்தது ஒன்றும் இல்லை.

அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) முகாமில் தங்கள் ஊருக்கு மண் ரோடு போட்டவர்கள் தன் வகுப்புப் பையன்கள்தானாம். அந்த முகாம் நோட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

2 ஜூலை

மழை பிடித்துவிட்டது. அதனால் இதை முதலில் எழுதியிருக்க வேண்டியது.

பூட்டிய அறையைத் திறந்ததும் எடுத்துப் படிக்க உட்காராதீர்கள். பூசணம் பிடித்த கட்டுகளைத் தனியாக வையுங்கள், முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள். மூச்சுக்கு ஆகாது. ஈரக் கட்டை வெயிலில் காய வைக்க வேண்டாம், நிழலில் காற்றாட விரியுங்கள். சுவரை ஒட்டி அடுக்காதீர்கள், மலையில் சுவர் வேர்க்கும். துருப்பிடித்த குண்டூசியைப் பிடுங்கினால் தாள் கிழியும், மெதுவாகத் திருகி எடுத்து பருத்தி டேக் போடுங்கள். கிழிசலுக்கு செலோ டேப் கூடவே கூடாது. பத்து வருஷத்தில் பசை பழுப்பாகி எழுத்தையும் தின்றுவிடும். லாமினேஷன் அதைவிட மோசம், திரும்ப எடுக்கவே முடியாது. ராமபாணப் பூச்சி ஓட்டை போட்ட பக்கத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், எழுத்து பெரும்பாலும் மிஞ்சியிருக்கும்.

போன வாரம் ஒருவர் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துவிட்டு மூலத்தைக் கழித்துவிடலாம் என்றார். படம் எடுங்கள், கட்டாயம் எடுங்கள். முதலில் நானும் அதுவே பெரிய பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் பச்சை மையா கறுப்பு மையா, அதே பேனாவில் எழுதினதா பிறகு செருகினதா, பக்கத்தைக் கிழித்திருக்கிறார்களா என்பதெல்லாம் புத்தகத்தைக் கையில் வைத்துப் புரட்டினால்தான் தெரிகிறது. மூலத்தை விடாதீர்கள்.

9 ஜூலை

தேதி இல்லாத குரூப் போட்டோவுக்கு வழி கேட்டிருக்கிறீர்கள்.

முகத்தைப் பார்க்காதீர்கள், பின்னணியைப் பாருங்கள். எங்கள் வேதியியல் கூடத்துக்குத் தகரக் கூரை போய் கான்கிரீட் வந்த வருஷம் பொதுப்பணித் துறைக் கோப்பில் இருக்கிறது. அதை வைத்து ஒரு அடுக்குப் படங்களை முன், பின் என்று பிரித்துவிட்டோம். பிறகு படத்தைத் திருப்பிப் பாருங்கள். தாளின் முதுகில் 'இந்து' முத்திரை இருந்தால் அது எச்.பி.எப். தாள், 1967-க்கு முந்தைய பிரிண்டாக இருக்க முடியாது. நெகடிவ் பழையதாக இருக்கலாம், அதை மறக்க வேண்டாம். ஊட்டிக்காரர்களுக்குத்தான் இந்த வசதி: கல்லூரியின் படத்துக்குத் தேதி சொல்வது பக்கத்துத் தெரு தொழிற்சாலை.

15 ஜூலை

ஆண்டு மலரில் நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று தம்பி எழுதியிருக்கிறார். இரண்டு பக்கம் சேர்க்கைப் பதிவேட்டுக்கு. ஒரு பக்கம் விழா அழைப்பிதழ்கள். மீதியில் கட்டடம், நிறுவனர், முதல்வர் வரிசை எல்லாம் அடங்கிவிடும். முதல்வர் குறைந்தபட்சம் ஒரு பூட்டும், மரப்பலகை போட்ட ரேக்கும் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்பது இந்த மாதத்தில் நான் கேட்ட நல்ல செய்தி. பட்டியல் போட்டு ஒரு பிரதி நூலகத்திலும் ஒன்று அலுவலகத்திலும் வையுங்கள்.

இலங்கையில் பிறந்த மாணவர்களின் பெயர்ப் பட்டியலை இங்கே போடச் சொல்லி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். போட மாட்டேன். வருமானம், சாதி, தாயின் வாக்குமூலம் எல்லாம் அதே வரியில் இருக்கிறது. அவர்களில் பலர் இன்றைக்கும் நம்மோடு இதே பஸ்ஸில் வருகிறவர்கள். எண்ணிக்கையைப் போடலாம், ஊர்களைப் போடலாம், ஆளைப் போடக் கூடாது. ஆண்டு மலரிலும் அப்படியே.

உங்கள் சொந்த அம்மாவோ அப்பாவோ படித்த வரியைப் பார்க்க வேண்டுமென்றால் அது வேறு. படித்த கல்லூரியின் அலுவலகத்துக்கு மாற்றுச் சான்றிதழ் நகலோடு போய், சேர்ந்த வருஷத்தைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். வருஷம் தெரியாவிட்டால் பள்ளி முடித்த வருஷமாவது வேண்டும். ஜூன், ஜூலை சேர்க்கை நேரத்தில் போகாதீர்கள், ஒருவருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது. ஆகஸ்ட் பதினைந்துக்குப் பிறகு போங்கள், முடிந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு.

நோட்டு கிடைத்துவிட்டது, என்.எஸ்.எஸ். முகாம் நோட்டு. அந்த ஊர்ப் பெயர் இருக்கிறது. சாப்பாட்டுக் கணக்கிலிருந்து தட்டச்சு செய்யத் தொடங்கியிருக்கிறேன், அடுத்த வாரம் போடுகிறேன்.